தளம் போடும் முன்னரே கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

வீடு கட்டுவதில் நேரும் விதிமீறல்கள் குறித்து வந்துள்ள கடிதங்களில் ஐந்தை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். திருச்சியிலிருந்து வந்த முதல் கடிதம் வேறு பலருடைய நிலையையும் சேர்த்துச் சொல்வதால், அதற்குச் சற்று நீளமாகவே பதில் எழுதியுள்ளேன்.

கேள்வி: ஐயா, முப்பதுக்கு நாற்பது அடி மனையில் எங்கள் வீடு இருக்கிறது. முப்பது ஆண்டுகளாக எங்களோடு நல்லுறவில் இருந்த பக்கத்து வீட்டார், தங்கள் ஓட்டு வீட்டை இடித்துவிட்டு எங்கள் சுற்றுச்சுவரை ஒட்டியே மாடி வீடு எழுப்புகிறார்கள். அவர்களுடைய சன்ஷேடு எங்கள் மனைக்குள் ஓர் அடி நீண்டிருக்கிறது. இப்போது இரண்டாம் தளத்துக்குச் சென்ட்ரிங் அடிக்கிறார்கள். படுக்கையறைச் சன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் செங்கல் சுவர்தான் தெரிகிறது. வார்டு அலுவலகத்தில் இரண்டு முறை நேரில் போய்ச் சொன்னோம். "பார்க்கிறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்து என்ன செய்வது?
— வாசகி, திருச்சி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு வேறுபட்ட குறைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்பது தெளிவாகும். சன்ஷேடு உங்கள் மனைக்குள் நீண்டிருப்பது உங்கள் சொத்தின் மீதான ஆக்கிரமிப்பு. அது உங்களுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் இடையிலான உரிமைப் பிரச்சினை என்பதால், அதைத் தீர்க்கும் இடம் உரிமையியல் நீதிமன்றம். பக்கவாட்டில் விட வேண்டிய இடைவெளியை விடாமல் கட்டியிருப்பது, 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளை மீறிய செயல். அதன் மீது நடவடிக்கை எடுக்க வேண்டிய பொறுப்பு மாநகராட்சிக்கும் திட்டக் குழுமத்துக்கும் உரியது. பலர் இரண்டையும் ஒரே மனுவில் எழுதிக் கொடுக்கிறார்கள். அலுவலகம் அதைப் படித்துவிட்டு, "இது உரிமையியல் தகராறு, நீதிமன்றத்துக்குப் போங்கள்" என்று ஒரே வரியில் பதில் அனுப்பிவிடுகிறது.

ஆகவே முதல் வேலை அளவை. உங்கள் பத்திரம், பட்டா, புல வரைபடம் ஆகிய மூன்றையும் எடுத்து, உரிமம் பெற்ற நில அளவையர் ஒருவரைக் கொண்டு எல்லையை அளந்து, வரைபடமாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சுற்றுச்சுவரே எல்லை என்று நினைத்துக்கொண்டு வழக்குக்குப் போய், அளந்து பார்த்தபோது தம்முடைய சுவரே அரை அடி தள்ளி நிற்பதைக் கண்டு திரும்பியவர்களை நகரமைப்புப் பிரிவில் பணியாற்றிய காலத்தில் நான் பார்த்திருக்கிறேன். அதே நேரத்தில் உங்கள் வீட்டையும் உங்களுடைய அனுமதி வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் மனு கொடுத்த பின்னர், எதிர்த்தரப்பிலிருந்து உங்கள் வீட்டின் மீதும் ஒரு மனு வருவது வழக்கம். அப்போது திகைத்து நிற்காமல் இருக்க இது உதவும்.

இரண்டாவதாக, பக்கத்து மனைக்கு வழங்கப்பட்ட கட்டட அனுமதியின் நகலையும் வரைபடத்தின் சான்றிட்ட நகலையும் கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். அவர் முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். மூன்றாம் நபர் தகவல் என்று மறுத்தால் முதல் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் சென்ட்ரிங் அடித்துவிட்டார்கள் என்று நீங்கள் எழுதியிருப்பதால், அந்தப் பதிலுக்காகக் காத்திருந்து மற்ற வேலைகளைத் தள்ளிப்போட வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பலகையும் கம்பியும் மட்டும் நிற்கும்போது ஒரு சதுரத்தை, அதாவது நூறு சதுர அடியைக், குறைக்க ஒரு நாள் போதும். காங்கிரீட் இறுகிவிட்ட பின்னர் அதே பரப்பை உடைக்கப் பல ஆண்டுகளும் ஒரு தீர்ப்பும் தேவைப்படுகின்றன.

மூன்றாவதாக, இன்றே எழுத்து மூலமான மனுவை மாநகராட்சி ஆணையருக்கும், திருச்சி உள்ளூர்த் திட்டக் குழுமத்துக்கும் ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். வாய்மொழியாகச் சொன்னதற்கு எந்தச் சாட்சியும் இல்லை. மனுவில் கோபம் வேண்டாம்; அளவுகள் வேண்டும். மனையின் முகவரி, சர்வே எண், எந்தத் திசையில் எத்தனை அடி இடைவெளி விடப்படவில்லை, வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது ஆகியவற்றை எழுதி, தேதியிட்ட புகைப்படங்களை இணைத்து, தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் 56, 57 ஆகிய பிரிவுகளின்படி நடவடிக்கை எடுக்கக் கோருங்கள். 57-ஆம் பிரிவு நடந்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்துவதற்கானது. 56-ஆம் பிரிவு முடிந்துவிட்ட விதிமீறலை அகற்றச் செய்வதற்கானது. உங்களுக்கு இப்போது தேவை முதன்மையாக 57. எனவே அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள்.

அந்த மனுவின் மீதும் அசைவு இல்லாவிட்டால், அதைப் பரிசீலித்து முடிவெடுக்க அதிகாரிக்கு ஆணையிடும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின்கீழ் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்யலாம். அந்த வழக்கில் நீதிமன்றம் முதலில் கேட்பது, நீங்கள் எப்போது, யாரிடம், எழுத்தில் என்ன கொடுத்தீர்கள் என்பதைத்தான். அஞ்சல் ரசீதின் மதிப்பு அப்போது தெரியும்.

சன்ஷேடு விஷயத்தில், குறித்தவகைத் துயர்தீர்வுச் சட்டம் (Specific Relief Act), 1963-இன் 39-ஆம் பிரிவின்படி அதை அகற்றுமாறு கட்டளையிடும் உறுத்துக்கட்டளையும், மேற்கொண்டு நீட்டாமல் இருக்க இடைக்காலத் தடையும் கோரி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். வழக்குத் தொடர்ந்த உடனேயே வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமித்து, அளவையருடன் இடத்தைப் பார்வையிட்டு அறிக்கை தரும்படி கேட்க உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். இன்றைய நிலையைப் பதிவு செய்வதற்கு அதைவிட உறுதியான வழி இல்லை. உங்கள் சன்னல் இருபது ஆண்டுகளுக்கு மேல் தடையின்றி வெளிச்சமும் காற்றும் பெற்று வந்திருந்தால், 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவும் உங்களுக்குத் துணை நிற்கலாம். ஆனால் வெளிச்சம் ஓரளவு குறைந்தது என்பது மட்டும் போதாது, கணிசமாகக் குறைந்து வீட்டில் வாழ்வதே பாதிக்கப்படுகிறது என்று காட்ட வேண்டியிருக்கும்.

இவ்வளவையும் எழுதிய பின்னர் ஒன்றைக் கேட்கிறேன். முப்பது ஆண்டுகள் பழகியவர்களிடம், அளவையரின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரோடும் மேஸ்திரியோடும் உட்கார்ந்து பேசிப் பார்த்தீர்களா? எல்லையிலேயே எழுப்பிய சுவரின் வெளிப்பக்கத்தைப் பூச உங்கள் மனைக்குள் சாரம் கட்டினால்தான் முடியும்; நீங்கள் அனுமதிக்காவிட்டால் அந்தச் சுவர் பூச்சில்லாமல் நின்று, ஒவ்வோர் ஐப்பசி மழைக்கும் நீரை உறிஞ்சி அவர்கள் வீட்டுக்குள்ளேதான் ஓதம் காட்டும். கழிவுநீர்க் குழாய் உடைந்தாலும், தீப்பிடித்து ஏணி சாய்க்க வேண்டி வந்தாலும், இடைவெளி இல்லாத வீட்டில் முதலில் தவிப்பவர்கள் அதில் குடியிருப்பவர்களே. இதை எடுத்துச் சொன்னபோது, மேல்தளத்தையாவது உள்ளே தள்ளிக் கட்டிக்கொள்ள ஒப்புக்கொண்ட குடும்பங்கள் உண்டு. பேச்சு நடக்கிறது என்பதற்காக மனுவை அனுப்பாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: கோவையில் 1,200 சதுர அடி மனையில் தரைத்தளமும் முதல் தளமும் கட்ட அனுமதி வாங்கி, தளத்துக்கு 800 சதுர அடி வீதம் கட்டினோம். பிறகு பெற்றோர் எங்களோடு வந்து தங்க வேண்டியிருந்ததால் மொட்டை மாடியில் 400 சதுர அடியில் ஓர் அறையும் குளியலறையும் அனுமதியில்லாமல் எழுப்பினோம். இப்போது 56-ஆம் பிரிவின்கீழ் அறிவிப்பு வந்திருக்கிறது. தெரிந்த ஒருவர், பணம் கொடுத்தால் "சரிசெய்து" தருவதாகச் சொல்கிறார். இடித்துவிடுவார்களா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அந்த இடைத்தரகரை இன்றே விலக்கிவிடுங்கள். கோப்பில் உள்ள அறிவிப்பு அவரால் மறைந்துவிடாது. அடுத்த அதிகாரி வந்ததும் மீண்டும் எழும். அப்போது பணமும் காலமும் இரண்டும் போயிருக்கும்.

உங்கள் நிலைமை நீங்கள் அஞ்சும் அளவுக்கு மோசமாக இல்லாமல் இருக்கலாம். உயரமான கட்டட வகையில் சேராத வீடுகளுக்குப் பொதுவாகத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது 1,200 சதுர அடி மனையில் எல்லாத் தளங்களும் சேர்த்து 2,400 சதுர அடி வரை கட்ட இடமுண்டு. நீங்கள் கட்டியிருப்பது மொத்தம் 2,000. ஆகவே பரப்பளவைப் பொறுத்தவரை நீங்கள் எல்லைக்குள் இருக்கிறீர்கள். முன்புறம், பின்புறம், பக்கவாட்டு இடைவெளிகளும், கட்டடத்தின் உயரமும், வாகன நிறுத்தமும் விதிப்படி இருக்கின்றனவா என்பதுதான் மீதமுள்ள கேள்வி. அவை சாலையின் அகலத்தையும் மனையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்து மாறுபடும் என்பதால், பதிவு பெற்ற பொறியாளர் ஒருவர் நேரில் அளந்து சொல்வதே சரி.

அவர் அளந்த பிறகு, அந்த அறை முழுவதும் விதிகளுக்குள் அடங்குவதாகத் தெரிந்தால், உங்கள் குற்றம் அனுமதி வாங்காதது மட்டுமே. அறிவிப்பில் குறித்துள்ள காலத்துக்குள், கட்டியதை அப்படியே வைத்துக்கொள்ள அனுமதி கோரித் திருத்திய வரைபடத்துடன் விண்ணப்பிக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஒரு பகுதி மட்டும் மீறுகிறது என்றால், அந்தப் பகுதியை நீங்களே அகற்ற ஒப்புக்கொண்டு, மீதிக்கு அனுமதி கேளுங்கள். குளியலறையை இரண்டடி உள்ளே தள்ளுவது பெரிய இழப்பல்ல. பூட்டி முத்திரை வைப்பதாகவோ இடிப்பதாகவோ ஆணை வந்துவிட்டால், நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 80-ஏ பிரிவின்படி அரசிடம் மனுச் செய்யலாம். ஆனால் முதல் அறிவிப்புக்குப் பதிலே தராமல் நேராக அங்கே போகிறவர்களின் மனு வலுவற்று நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

நடைமுறை குறித்த உங்கள் உரிமைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி, பதிவு அஞ்சலில் அறிவிப்பு அனுப்பி, கட்டடத்திலும் ஒட்டி, குறைந்தது பதினைந்து நாட்கள் தந்து, உங்களை நேரில் விசாரித்து, காரணங்களை எழுதிய ஆணை பிறப்பித்த பின்னரே இடிக்க முடியும். அந்த ஆணைக்குப் பிறகும் பதினைந்து நாட்கள் தர வேண்டும். சாலை, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள கட்டுமானங்களுக்கும், நீதிமன்றமே இடிக்க ஆணையிட்டவற்றுக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

அனுமதியைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. இரண்டு தளங்களுக்கென்று போட்ட அடித்தளத்தின் மீது மூன்றாவது பாரத்தை ஏற்றும் முன்னர் யாராவது கணக்குப் போட்டார்களா? 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அங்கே வேலை செய்த கட்டடத் தொழிலாளர்கள். அது அனுமதி பெற்ற கட்டடம். வரைபடத்தில் முத்திரை இருந்தது, மண்ணுக்கும் தூணுக்கும் வலு இல்லை. உங்கள் வீடு அதனோடு ஒப்பிடச் சிறியதுதான். என்றாலும் பெற்றோர் உறங்கும் அறை என்பதால், கட்டமைப்புப் பொறியாளரின் சான்று ஒன்றை அலுவலகம் கேட்காவிட்டாலும் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: பத்தாண்டுகளாகச் சொத்து வரி கட்டுகிறோம், மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் இருக்கின்றன. அப்படியானால் எங்கள் கூடுதல் தளம் சட்டப்படி ஏற்கப்பட்டதாகத்தானே பொருள்?
— வாசகர், சேலம்

பதில்: இல்லை. கட்டடம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதற்காக வரி விதிக்கப்படுகிறது. வரி ரசீது கட்டட அனுமதி ஆகாது. உத்தரப்பிரதேசத்தின் மீரட் நகரக் கட்டடம் ஒன்றைப் பற்றிய வழக்கில் 2024 டிசம்பர் 17 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நீண்ட காலம் கடந்துவிட்டது என்பதோ, பெரும் பணம் செலவழித்தாயிற்று என்பதோ, அதிகாரிகள் இதுவரை சும்மா இருந்தார்கள் என்பதோ விதிமீறலைச் சட்டபூர்வமாக்காது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. நிறைவுச் சான்று இல்லாமல் மின், குடிநீர், கழிவுநீர் இணைப்புகள் தரக் கூடாது என்றும், வங்கிகள் அந்தச் சான்றைச் சரிபார்த்த பின்னரே கடன் தர வேண்டும் என்றும் அதே தீர்ப்பு பணித்திருக்கிறது. ஆகவே உங்கள் தளத்தின் பிரச்சினை, நீங்கள் அந்த வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ போகும் நாளில் வெளிவரும்.

கேள்வி: சென்னைப் புறநகரில் அடுக்ககம் ஒன்றில் வீடு வாங்கப் பேசி முன்பணம் கொடுத்திருக்கிறோம். வரைபடத்தில் தூண்தளத்தின் மேல் மூன்று மாடிகள்தான் உள்ளன; கட்டியிருப்பதோ நான்கு. எங்களுக்குக் காட்டியது நான்காம் மாடி. கார் நிறுத்துமிடத்துக்குத் தனியாகப் பணம் கேட்கிறார்கள். "எல்லா இடத்திலும் இப்படித்தான்" என்கிறார் கட்டுநர்.
— வாசகி, தாம்பரம்

பதில்: தயவுசெய்து பத்திரம் பதியாதீர்கள், அம்மா. நீங்கள் வாங்கப்போவது அனுமதியில் இல்லாத தளம். பூட்டி முத்திரை வைக்கும் நாளில் கட்டுநர் அங்கே இருக்க மாட்டார், நீங்கள்தான் இருப்பீர்கள். உங்கள் பத்திரத்தில் எழுதப்படும் பிரிபடாத மனைப் பாகமும், அனுமதி பெற்ற வீடுகளுக்குரிய பாகத்திலிருந்து வெட்டி எடுத்ததாகவே இருக்கும். அப்படியானால் கீழ்மாடிகளில் வாங்கியவர்களோடும் உங்களுக்கு வழக்கு வரும்.

மனை 500 சதுர மீட்டருக்கு மேற்பட்டிருந்தாலோ வீடுகள் எட்டுக்கு மேற்பட்டிருந்தாலோ, அந்தத் திட்டம் 2016-ஆம் ஆண்டின் வீட்டுமனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி (ரெரா) பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். தமிழ்நாட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் அந்தப் பதிவையும், அதனோடு ஏற்றப்பட்ட அனுமதி வரைபடத்தையும் நீங்களே பார்க்கலாம். அச்சட்டத்தின் 14-ஆம் பிரிவு, அனுமதி பெற்ற வரைபடத்தைத் தம் விருப்பம்போல் மாற்றக் கட்டுநருக்கு உரிமையில்லை என்கிறது. திட்டத்தில் பொதுவான மாற்றம் செய்ய, வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்து மூலமான ஒப்புதல் வேண்டும். கொடுத்த பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கவும் அதே சட்டத்தில் வழி உண்டு. எனவே முன்பணத்தைத் திருப்பித் தரக் கோரி முதலில் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புங்கள். கட்டுநர் மறுத்தால் ஆணையத்திடம் முறையிடுங்கள். தூண்தளத்தில் உள்ள வாகன நிறுத்துமிடம் பொதுப் பகுதி, அதைத் தனிச் சொத்தாக விற்க முடியாது என்பது 2010-இல் மும்பை அடுக்ககம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன முடிவு. அதற்கென்று கேட்கும் தனிப் பணத்தையும் தர வேண்டியதில்லை.

"எல்லா இடத்திலும் இப்படித்தான்" என்ற சொல்லை நான் பணிக்காலம் முழுவதும் கேட்டிருக்கிறேன். அதை நம்பித் தம் வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்துவிட்டு, முத்திரை வைத்த கதவின் முன்னால் சாவியோடு நின்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

கேள்வி: அப்பா 2011-இல் கட்டிய வீட்டில் பின்பக்க இடைவெளி இல்லை. வரன்முறைப்படுத்தும் திட்டம் மறுபடி வரும் என்கிறார்கள். காத்திருக்கலாமா? பக்கத்திலுள்ள எங்களது காலி மனையில் சுயசான்று முறையில் புது வீடு கட்டவும் எண்ணியிருக்கிறோம். அதில் யாரும் வந்து சோதிக்க மாட்டார்களாமே?
— வாசகர், விழுப்புரம்

பதில்: நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998-இல் சேர்க்கப்பட்ட 113-ஏ பிரிவின் மூலம் விதிமீறல் கட்டடங்களுக்குக் கட்டணத்துடன் விலக்களிக்கப்பட்டது. ஒரே ஒரு முறைக்கான சலுகை என்ற அளவில் 2000-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஆனால் அதன் கெடுதேதி மேலும் மேலும் நீட்டிக்கப்பட்டபோது, பிந்தைய நீட்டிப்புகளை 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று தள்ளிவிட்டது. பின்னர் 2012-இல் வந்த 113-சி பிரிவு, 2007 ஜூலை 1-ஆம் தேதிக்கு முன்னர் கட்டியவற்றுக்கு மட்டுமே உரியது. உங்கள் தந்தையார் கட்டியது 2011 என்பதால் அதிலும் இடமில்லை. வராத ஒரு திட்டத்தை நம்பிப் பின்பக்கத்தில் மேலும் எதையும் சேர்க்காதீர்கள். சமையலறைக்குப் பின்னால் தகரக் கொட்டகையோ குளியலறையோ மட்டும்தான் இடைவெளியை அடைக்கிறது என்றால், அதை எடுத்துவிட்டாலே விதிமீறலின் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

சுயசான்று முறை 2024 ஜூலையில் தொடங்கப்பட்டது. 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில், 3,500 சதுர அடிக்கு மிகாமல், தரைத்தளமோ அதனுடன் முதல் தளமுமோ கட்டுவதற்கு ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால் அனுமதி உடனே கிடைக்கிறது. அலுவலர் முன்கூட்டியே வந்து பார்ப்பதில்லை என்பது உண்மை. அவர் ஏற்றுக்கொண்டிருந்த பொறுப்பு இப்போது உங்கள் கையெழுத்துக்கு மாறியிருக்கிறது. விதிகளின்படி கட்டுவேன் என்று சான்றளிப்பவர் நீங்களே என்பதால், பொய்யான அளவு தெரிந்தால் அனுமதி ரத்தாகும், கட்டடமும் அனுமதியற்றதாகிவிடும். வானம் தோண்டும் நாளில் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நான்கு பக்கமும் கயிறு கட்டிய கோட்டிலிருந்து எல்லைவரை நீங்களே நாடா பிடித்து அளந்து பாருங்கள். மழைநீர் சேகரிப்புக் குழிக்கான இடத்தையும் அப்போதே குறித்துவிடுங்கள். 2003 முதல் அது எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். கடைசியில் இடமில்லாமல் வாசற்படியை உடைத்து அமைப்பதைவிட அன்றைக்கே தோண்டிவிடுவது எளிது.